நெஞ்சிலிருந்து எடுத்த சுரப்பியும் கழுத்தில் மாட்டிய போத்தலும்

அன்புள்ள மகனுக்கு,

போன செவ்வாய்க்கிழமை கிளினிக் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் கதையை மாற்றிச் சொல்லக் கூடாது. மேசைக்குப் பின்னால் பிள்ளைகளின் இருதய டொக்டர். உன் அக்காவின் வயதுதான் இருக்கும், காத்தான்குடிப் பிள்ளை. அவவுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தாதி. எதிர்க் கதிரையில் உன் மனைவி சுகந்தி. அவளின் மடியில் உன் மகள் ஆரபி, ஆறு மாதமும் நான்கு நாளும். சுவரோடு நான். கதவடியில் அக்கா வதனி. மாங்கேணியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்தவள். அப்பா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதற்கு, "எனக்கு இதுகளக் கேக்க ஏலா, நீங்க கேட்டு வந்து சொல்லுங்க" என்றார். மேசையில், டொக்டரின் புத்தகங்களில் சாய்த்து வைத்த போனில், கட்டாரிலிருந்து நீ. எல்லாமாக எட்டுப் பேர்.

அப்பாவைத் தவிர எல்லோரும் ஒரே செய்தியைத்தான் கேட்டோம். இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள ஓட்டை பெரியது. மருந்து செய்யக்கூடியதைச் செய்துவிட்டது, இனித் தைக்க வேண்டும். கொழும்பில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து போன் வரும். ஓம் என்றால் ஆரபிக்கு நாள். இல்லையென்றால் அந்த நாள் அடுத்த பிள்ளைக்கு, நாங்கள் திரும்பவும் வரிசையின் கடைசியில். அதுவரைக்கும் நீ நிதானமாகத்தான் கேள்வி கேட்டாய். பிறகு டொக்டர் சொன்னா: "நெஞ்சத் திறக்கேக்க இருதயத்துக்கு முன்னால தைமசு எண்டு ஒரு சுரப்பி கிடக்கும். சின்னப் புள்ளைகளில அது பெரிசு, வழிய மறைச்சுக்கொண்டு கிடக்கும். அதில பாதியையோ முழுசையோ எடுக்க வேண்டி வரலாம். சொல்ல வேண்டியது என்ட கடமை." உன் முகம் போனில் அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்தேன். "அப்ப வேணாம் டொக்டர்" என்றாய். படம் போய்விட்டது. லைன் அறுந்துவிட்டது என்று தாதி நினைத்தா. எனக்குத் தெரியும், அறுத்தது நீ.

அன்று பின்னேரம் சுகந்தியோடு பேசினாய். நான் பக்கத்தில் ஆரபியின் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. "என்ன வளத்த மாதிரி என்ட புள்ளய வளக்க விடமாட்டன். கழுத்தில போத்தலோட, ஆத்துக்கு இறங்காம, ஒருத்தரோடயும் சேராம. அது இருக்கிற மட்டும் சந்தோசமா இருந்திட்டுப் போகட்டும்." சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன். மகன், நீ ஒப்பரேசனுக்குப் பயப்படவில்லை. என்னைக் கண்டு பயப்படுகிறாய். ஆகவே இதற்குப் பதில் எழுத வேண்டியவள் நான். போனில் சொன்னால் நீ இடையில் அறுத்துவிடுவாய். கடிதத்தை அறுக்க முடியாது. எழுதி முடிந்ததும் அக்கா படம் எடுத்து அனுப்புவாள். ஒரு பக்கமும் விடாமல் வாசி.

உன் ஒப்பரேசனுக்கு உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோன நாட்களில் இங்கிருந்து அங்கே போய்ச் சேருவதே ஒரு ஒப்பரேசன்தான். உனக்கு ஏழு மாதம். உனக்கும் அதே ஓட்டை, அதே இடத்தில். துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று அங்கிருந்த பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழ்த் தாதி ஒருத்தி திருப்பிச் சொன்னா: தைமசை எடுத்தாச்சு, காய்ச்சல் வந்தால் பிந்தாமல் காட்ட வேண்டும், கிளினிக்குக்கு ஒழுங்காக வர வேண்டும், மற்றப்படி மற்றப் பிள்ளைகளைப் போல வளர்க்கலாம். நான்கு செய்தி. முதல் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்காவதைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஒருவரும் அதை எனக்கு மறைக்கவில்லை. என் காதில் விழுந்தது, என் மனம் எடுக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். மிச்சம் படித்ததெல்லாம் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும், அக்காவின் பள்ளிக்கூடப் புத்தகத்திலும்தான். உனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு பேப்பரின் சுகாதாரப் பக்கத்தில் தைமசு என்ற சொல்லைக் கண்டேன். உடம்பைக் காக்கும் T கலங்கள் அந்தச் சுரப்பியில்தான் பக்குவப்படுகின்றன என்று எழுதியிருந்தது. வெட்டி எடுத்து, உங்கள் இருவரின் காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் எல்லாம் எழுதிவைக்கும் கொப்பியில் ஒட்டினேன். பக்கம் நீளம், கொப்பி சின்னது. கீழே நான்கு விரல் அளவு வெட்டிப் போட்டேன். அந்தத் துண்டில் என்ன இருந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேலே இருந்த பாதியை வைத்துக்கொண்டு இருபது வருடம் உன்னைக் காவல் காத்தேன்.

காவல் எப்படியிருந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன் என்று நீ கண்ணால் காண வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஐந்து வயதிலிருந்து கழுத்தில் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல். வகுப்பில் உனக்குக் கொதிதண்ணி என்று பெயர் வைத்தார்கள். வாசலில் நின்று "கொதிதண்ணி, கொதிதண்ணி, ஆறிட்டியாடா?" என்று கூப்பிடுவார்கள், நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே அடுத்த போத்தலை நிரப்புவேன். மற்றப் பிள்ளைகள் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருக்க, நீ செருப்போடு கரையில் நின்று அவர்களுடைய சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஒருநாள் ஏழு சட்டை உன் தோளில் கிடந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன், மகன். என் பிள்ளை நனையாமல் நிற்கிறான் என்று எனக்குச் சந்தோசம்.

குளிர்த்தி நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஒன்பது வயது. வைகாசியில் கண்ணகை அம்மனின் கதவு திறந்து, சடங்கு நடந்து, கடைசி நாள் குளிர்த்தி பாடி அம்மனின் சூட்டைத் தணித்து, அந்தத் தீர்த்தத்தை வேப்பிலையால் எல்லோர் மேலும் தெளித்து, கையிலும் வார்ப்பார்கள். ஊரில் ஒரு பிள்ளை அதற்குத் தப்பாது, உன்னைத் தவிர. அத்தனை பேரின் கை பட்ட தண்ணீர் என்று வருடா வருடம் உன்னைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தேன். அந்த வருடம் என் கையைப் பறித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவிட்டாய். கண்டுபிடித்தபோது தலை, சட்டை எல்லாம் நனைந்து, கை நிறைய வாங்கிக் குடித்துவிட்டு, யாரோ தந்த பொங்கலை ஒரே இலையில் மூன்று பொடியன்களோடு தின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் உன்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து, கிணற்றடியில் நிறுத்தி, உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைத்தேன். அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். "என்ன புள்ள செய்யிறாய்? அம்மன நம்புறாய், அம்மன்ட தண்ணிய நம்பமாட்டியா?" என்று கேட்டார். "நீங்க பேசாம இருங்க, காய்ச்சல் வந்தா ராவு முழிக்கிறது நான்" என்றேன். நீ அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிப் போகமாட்டன் அம்மா" என்று சொன்னாய். அதற்குப் பிறகு நீ போகவும் இல்லை.

அடுத்த பதினான்கு நாளும் கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒரே சொல்: காய்ச்சல் இல்லை. பதினான்கு தரம் என் கையாலேயே எழுதிவிட்டு, பதினைந்தாம் நாளும் போத்தலை நிரப்பினேன். உன்னை அம்மனிடம் ஒப்புக்கொடுத்து நேர்த்தி வைத்தவள்தான் நான். ஒப்புக்கொடுத்தேனே ஒழியக் கையை எடுக்கவில்லை. அதற்கு அவவிடம் இந்தக் கிழமை மன்னிப்புக் கேட்டேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள், மகன். உப்புத் தண்ணீருக்கும், போத்தலுக்கும், ஏழு சட்டைக்கும்.

ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் இதை எழுதவில்லை. என் பிழைக்குத் தண்டனை ஆரபிக்கு விழக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போன வியாழக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அந்த டொக்டரின் கிளினிக் முடியும் வரை இருந்தேன். கடைசிப் பிள்ளையும் போன பிறகு உள்ளே கூப்பிட்டு, கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தா. "அம்மா, நீங்க மகன்ட தைமசுக்கு வந்தீங்களா, பேத்திட தைமசுக்கு வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டா. இரண்டுக்கும்தான் என்றேன். கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறிச் சொல்லித் தந்தா.

T கலங்கள் எலும்பு மச்சையில் பிறந்து தைமசுக்குப் போய்ப் படிக்கின்றனவாம். எது எங்கள் உடம்பு, எது அந்நியம் என்பதுதான் படிப்பு. பிழையாகப் படித்தவை அங்கேயே அழிய, மிச்சம் வெளியே வரும். "அப்ப பள்ளிக்கூடத்தையே இடிச்சா?" என்று கேட்டேன். "தாய்ட வயித்துக்குள்ளேயே துவங்கிற படிப்பம்மா அது. ஆறு ஏழு மாசத்தில கன கலம் படிச்சு முடிச்சு உடம்பெல்லாம் பரவியிருக்கும். கன காலம் இருக்கும், தாங்களே பெருகவும் செய்யும். மறுகா, பள்ளிக்கூடம் போகாமலே வளருறதுகளும் இருக்கு." நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். "எங்க?" "குடல்ட உள்சுவரில. ஈரலில. அந்தந்த இடத்திலயே இருந்து பழகி, அந்தந்த இடத்திலயே காவல் நிக்கும்."

அவை என்ன செய்கின்றன என்று கேட்டு, அவ சொன்னதைக் கொப்பியில் எழுதினேன். தைமசில் படித்த கலங்கள் உடம்பெல்லாம் சுற்றும். ஒரு புதுக் கிருமி வந்தால் செய்தி கிடைத்து, பெருகி, வந்து சேர நாள் எடுக்கும். குடல் சுவரில் நிற்பவை காத்திருப்பதில்லை. சாப்பாட்டோடும் தண்ணீரோடும் வருகிற கிருமி சுவரைத் தாண்டப் பார்த்தால் அந்த இடத்திலேயே பாய்ந்து பிடிக்கும். கிருமி புகுந்து கெட்டுப்போன கலத்தை அழிக்கும். சுவரில் காயம் வந்தால் ஆறுவதற்கு உதவும். அதோடு இன்னுமொரு வேலை, எனக்குப் பிடித்தது அதுதான்: சாப்பாட்டைக் கண்டும், குடலில் குடியிருக்கிற நல்ல கிருமிகளைக் கண்டும் வீணாகச் சண்டைக்குப் போகாமல் பொறுத்துக்கொள்ள உடம்பைப் பழக்குமாம். எதற்குப் பாய வேண்டும், எதை விட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் பாய்ந்தேன், பொங்கலுக்கும் பாய்ந்தேன்.

"அப்ப தைமசு போனாலும் பரவாயில்லைதானே?" என்றேன், சந்தோசத்தில். டொக்டரின் முகம் இறுகியது. "அப்பிடி எழுதாதீங்க அம்மா. இதுகளுக்குத் தெரிஞ்ச கிருமி கொஞ்சம்தான். மனிசரில எவ்வளவு இப்பிடி வளருது எண்டு ஆராய்ச்சிக்காரர் இன்னும் வாதாடுறாங்க. குழந்தையில தைமசு எடுத்த ஆக்களில புதுக் கலம் குறைவா வாறதையும் கண்டிருக்காங்க. துணை எண்டு எழுதுங்க. மாற்று எண்டு எழுதாதீங்க." அப்படியே எழுதினேன். துணை, மாற்று இல்லை. உனக்கு முழுப் பக்கத்தையும் தருகிறேன், மகன். இந்த முறை கொப்பியின் அளவுக்கு வெட்டவில்லை.

கொப்பியில் உங்கள் இருவரின் காய்ச்சல் நாட்களையும், இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் நீ என்று எழுதிவந்தேன். எழுதினேனே தவிர ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை டொக்டரின் மேசையில் வைத்துத்தான் கூட்டினேன். பத்து வயது வரைக்கும் அக்காவுக்கு அறுபத்தொரு நாள். உனக்கு ஐம்பத்தெட்டு. அவள் கிணற்றுத் தண்ணீர் குடித்தவள், வாவியில் ஊறியவள், தைமசு உள்ளவள். டொக்டர் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, "இது ஒரு வீட்டுக் கணக்கம்மா, எல்லாருக்கும் பொருந்தாது" என்றா. அதையும் எழுதிக்கொண்டேன். என் காவலால்தான் நீ குறைவாகக் காய்ந்தாய் என்று நானே என் பக்கம் வாதாடலாம். ஆனால் இருபத்தொரு வயதில் நீ கட்டாருக்குப் போனாய். ஒரு அறையில் எட்டுப் பேர், பொதுக் குசினி, ஊருலகத்துத் தண்ணீர். உனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்ததை மூன்று மாதம் கழித்துத்தானே சொன்னாய். எத்தனை நாளில் வேலைக்குப் போனாய் என்று நான் கேட்க, "பதினொரு நாள் அம்மா, கூட இருந்தவனுக்குப் பதினாலு" என்றாய். அது போத்தல் செய்த வேலை இல்லை. உன் உடம்பு செய்த வேலை.

இனி ஆரபி. இருக்கிற மட்டும் சந்தோசமாக இருக்கட்டும் என்றாய். நீ அவளைப் போனில் பார்க்கிறாய், பால் குடித்து முடிந்த பிறகு. நான் குடிக்கும்போது பார்க்கிறேன். ஒருமுறை குடிப்பதற்குள் நான்கு தரம் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. பசி இருக்கும்போதே களைத்து நித்திரையாகிவிடுகிறாள். ஒன்றரை மாதமாக நிறை ஏறவில்லை. சுகந்தி பிள்ளை சிரிக்கிற நேரம் பார்த்துத்தான் உனக்கு எடுக்கிறாள், அதை நீ அறிய வேண்டும். தைமசு இல்லாமல் ஒருவன் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்த ஓட்டையை அப்படியே விட்டால் பிள்ளை வளரும் என்று ஒரு டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

டொக்டரிடம் நான் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுகந்திக்கும் கொடுத்துவிட்டேன். சுரப்பியில் ஒரு துண்டாவது விடலாமா என்று கேட்டேன்; ஏலுமானால் விடும்படி சேர்ஜனுக்கு எழுதுவா, ஆனால் வழி தெரியாவிட்டால் இருதயம்தான் முதல் என்றா. தடுப்பூசி ஒவ்வொன்றுக்கும் முன் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு போட வேண்டும். காய்ச்சலென்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். தண்ணீர், எல்லாக் கைக்குழந்தைக்கும் போலக் கொதித்தாறியது. வளர்ந்த பிறகு? "வளர்ந்த பிறகு வீட்டில எல்லாரும் குடிக்கிறதக் குடிக்கட்டும், அம்மா. ஆத்துக்கும் போகட்டும். ஆனா நீந்தப் பழக்கிப்போட்டு விடுங்க." இதுதான் நான் கொழும்பில் விட்டுவிட்டு வந்த நான்காவது செய்தி. இந்த முறை சுகந்தியின் தாளில் அதை முதலாவதாக எழுதியிருக்கிறேன்.

நான் பக்கத்தில் இருந்தால் பயம் பிள்ளைக்கும் ஒட்டிவிடும் என்று நீ நினைக்கலாம். நினைக்க உனக்கு நியாயம் உண்டு. ஆகவே இதையும் சொல்கிறேன். ஒப்பரேசன் முடிந்து ஆரபி வீட்டுக்கு வந்ததும், கொப்பி சுகந்தியின் கையில். அவள் எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் விடட்டும். உனக்கு வேண்டுமென்றால் நான் மாங்கேணியில் அக்காவோடு போய் இருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன். "வந்து இருங்க அம்மா, ஆனா என்ட புள்ளைகள்ட கழுத்தில ஒண்டும் மாட்டக் கூடாது" என்றாள். அப்பா மட்டும், "அப்ப எனக்கு ஆர் சோறு போடுற?" என்று கேட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். நீ சொல், நான் போகிறேன். என்னை விலக்குவதற்காகப் பிள்ளையின் ஒப்பரேசனை விலக்காதே. இதில் நான் இறங்கிவர மாட்டேன், மகன். உன் முரண்டு என்னிடமிருந்து வந்ததுதான். யாரிடம் அதிகம் என்று நீ அறிவாய்.

சுகந்தி உன் சொல் இல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டாள். நானும் வைக்கச் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவரின் பிள்ளை. வெள்ளிக்கிழமை காலையில் கொழும்பிலிருந்து போன் வரும். அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுகந்திக்கு எடு. ஏதாவது கேட்க இருந்தால் அதற்கும் முன்னே எடு. டொக்டர் உன்னோடு பேசச் சம்மதித்திருக்கிறா, நம்பர் சுகந்தியிடம் இருக்கிறது. என்னோடு கோபம் பேச இருந்தால் அது எத்தனை நாளானாலும் காத்திருக்கும், நானும் கேட்க இருக்கிறேன். முதலில் அவளுக்குப் பதில் சொல். வியாழக்கிழமையைத் தாண்ட விடாதே.

அம்மா